நடப்பதற்கு ஒரு சங்கம்

ஷெஃபீல்டு,
மே மாதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு நான் நலம். கல்லிடைக்குறிச்சியில் நீங்களும் சித்தியும் ஆச்சியும் நலம்தானே? ஆச்சிக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? நான் சொன்னேன் என்று சொல்லி அந்தத் தைலத்தை ராத்திரியில் மட்டும் தேய்க்கச் சொல்லுங்கள்.

போன வாரம் போனில், "வேலைவெட்டி இல்லாம நடக்கதுக்கு ஒரு சங்கமாம், அதுல போய் இவ சேந்திருக்காளாம்" என்று நீங்கள் சித்தியிடம் சொல்லிச் சிரித்தது எனக்கு நன்றாகவே கேட்டது. சரி, விவரமாகவே எழுதுகிறேன். கடிதத்தை வாங்குவது ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) என்பதால் இதில் பூ, பறவையைவிட பாதையும் எல்லையும்தான் கூடுதலாக இருக்கும்.

என்னோடு வார்டில் வேலை பார்க்கும் அக்கா ஒருத்திதான் கூட்டிப்போனாள். ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் காலையில் ரயில் நிலையத்தில் கூடுகிறார்கள். பெரும்பாலும் ரிட்டயர்டானவர்கள். வழி காட்டும் அம்மா முன்பு தபால்காரராக இருந்தவர், எழுபது தாண்டிவிட்டது. ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை, எனக்குத்தான் வாங்குகிறது. அவர் முன்னால் போவார். கடைசியில் ஒருவர் வருவார், அவருக்குப் பின்னால் யாரும் தங்கிவிடக் கூடாது. ஒவ்வொரு கேட்டிலும் நின்று தலையை எண்ணிக்கொள்கிறார்கள்.

வீடு, ஆஸ்பத்திரி, கடை என்று இருந்தபோது இந்த ஊர்க்காரர்களோடு நான் பேசியதெல்லாம் மழையைப் பற்றித்தான். எதிரே உட்கார்ந்து பேசினால் என் இங்கிலீஷ் எனக்கே கேட்டு நாக்கு தடுமாறும். பக்கத்தில் நடந்துகொண்டே பேசும்போது அந்தக் கூச்சம் வருவதில்லை. முகத்தைப் பார்க்க வேண்டாம், பேச்சு பாதியில் நின்றால் ஏற்றத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். கேட்டைத் தாண்டியதும் பக்கத்தில் வேறொருவர் வந்துவிடுவார். அப்படியே பழகிப்போயிற்று. யார் வீட்டுப் பிள்ளை என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நாய் பிடிக்குமா என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

இப்போது உங்கள் சமாச்சாரத்துக்கு வருகிறேன். நாங்கள் நடப்பது ரோட்டில் இல்லை சித்தப்பா. அடுத்தவர் வயலுக்குள், அடுத்தவர் ஆட்டு மந்தை நடுவே, சில இடத்தில் ஒருவர் வீட்டு முற்றத்தின் வழியாகவே போகிறோம். முதல் தடவை நான் பயந்துபோய் நின்றேன், யாராவது ஏன் வந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? ஒருவரும் கேட்கவில்லை. நிலம் அவருடையது, பாதை மட்டும் பொதுவானது. நிலம் கைமாறினாலும் பாதை போகாது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து இப்படிப்பட்ட பாதைகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் வரைபடம் உண்டு. 1949இல் வந்த ஒரு சட்டப்படி பாதைகளையெல்லாம் கவுன்சிலே குறித்து வைக்கிறது. அதில் கோடு இருந்தால் அது பாதைதான், கோர்ட்டிலும் அதுவே சாட்சி. பாதை வயலுக்கு நடுவே போனால் விவசாயி உழுதுகொள்ளலாம், ஆனால் 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு நடக்கிற மாதிரி சமன் செய்து தர வேண்டும். வரைபடத்தில் இல்லாத வழியில்கூட 20 வருஷம் ஜனங்கள் தடையில்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் நடந்து வந்திருந்தால் அதையும் பொதுப் பாதையாக்கக் கேட்கலாம். கடையில் விற்கும் நடைப் படத்தில் நாலு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். வயல் சுவர்கூட அதில் வரைந்திருக்கும், பாதைக்குப் பச்சைப் புள்ளிக்கோடு. உங்களுக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். எஃப்.எம்.பி. என்கிற புல அளவு வரைபடம் பார்த்த கண்ணுக்கு அது ஒரு நாள் முழுக்கத் தாங்கும்.

சுவர் என்றேனே, அது சாந்தே இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டியது, மலை மேல் வரைக்கும் போகிறது. பாதை குறுக்கிடும் இடத்தில் ஏறி இறங்க மரப்படி இருக்கும், அல்லது ஆள் மட்டும் ஒருக்களித்து நுழையும்படி ஒரு கேட். மாடு வராது. சேலை கட்டிய ஆச்சியும் நுழைந்துவிடலாம்!

போன வாரம் ஹாதர்சேஜ் என்ற ஸ்டேஷனில் இறங்கி ஸ்டானேஜ் எட்ஜ் என்ற பாறை விளிம்புக்குப் போனோம். பாறைக்கு அடியில் மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி மாவரைக்கும் கற்கள், செதுக்கி முடித்தபடியே புல்லுக்குள் கிடக்கின்றன. வெள்ளை மாவு மோகம் வந்ததும் இந்தக் கல்லுக்கு மவுசு போய்விட்டதாம். அந்தக் கல்லில் சாய்ந்து உட்கார்ந்துதான் சாப்பாடு. அவர்களுக்கு ரொட்டி, எனக்குத் தயிர்சோறும் மோர்மிளகாயும். சித்தி அனுப்பிய அப்பளத்தைச் சுட்டுக் கொண்டுபோயிருந்தேன். டப்பா ஒரு சுற்றுப் போய்விட்டுக் காலியாகத் திரும்பி வந்தது.

அங்கே உட்கார்ந்துதான் தபால்கார அம்மா அந்தக் கதையைச் சொன்னார். இந்த மேட்டு நிலமெல்லாம் முன்பு பிரபுக்கள் காட்டுக்கோழி சுடுவதற்கென்று பூட்டி வைத்தவை. உள்ளே போனால் காவலாட்கள் கம்போடு வந்து விரட்டுவார்களாம். 1932 ஏப்ரல் 24இல் ஆலைத் தொழிலாளர்கள் முதலாக நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலும் இளவட்டங்கள், கிண்டர் ஸ்கவுட் என்ற மலைமேல் வேண்டுமென்றே ஏறினார்கள். ஷெஃபீல்டிலிருந்தும் ஒரு கூட்டம் மறுபக்கமாக ஏறிப் போய்ச் சேர்ந்தது. ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. 1951இல் இந்த வட்டாரமே நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. 2002இல், அந்த மலையைப் பூட்டி வைத்திருந்த பிரபுவின் வாரிசு, தன் தாத்தா செய்ததற்காக நேரில் வந்து எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். அந்த மலையின் உயரம் 636 மீட்டர்தான். நம் பொதிகைக்கு முன்னால் நிற்காது என்று நான் சொன்னேன், அவர்களுக்கு அது ரசிக்கவில்லை.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. வாய்க்கால் கரையிலிருந்து ஆற்றுப் படித்துறைக்குப் போகும் நம் ஒற்றையடிப் பாதையில் கம்பிவேலி போட்டுவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். ஆச்சி குளிக்கப் போன பாதை, நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பாதை. நீங்கள் ஒன்றும் பேசாமல் இருப்பதாகவும் சொன்னாள். ரிட்டயர்டானால் வாயும் ரிட்டயர்டா, சித்தப்பா? அது பட்டாவில் வருகிறதா, புறம்போக்கா? சர்வே நம்பர் போட்டால் இப்போது நெட்டிலேயே எஃப்.எம்.பி. வருகிறது, ஆனால் அதைப் படிக்க உங்களைப் போல் ஆள் வேண்டும். பாதை வரைந்திருக்கிறதா பாருங்கள். கிராமத்து நில விவரமெல்லாம் இருக்கும் அ-பதிவேட்டில் என்ன போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். இருந்தால் தாசில்தாருக்கு ஒரு மனு எழுதி, தெருவில் நாலு பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். வேலி போட்டவர் நமக்குச் சொந்தக்காரர் என்று தயங்க வேண்டாம்.

ஜூனில் கார் சாகுபடிக்கு அணை திறப்பார்களா? அப்பா கேட்டால் நான் அனுப்பிய பணம் விதைநெல்லுக்கு என்று சொல்லுங்கள், வேறு எதற்கும் இல்லை.

அடுத்த பார்சலில் அப்பளம் நாலு கட்டு வைக்கச் சொல்லுங்கள். பெரிய சைஸ் வேண்டாம், பையில் நொறுங்குகிறது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்