குலுக்காதே, உருட்டு

தூத்துக்குடி,
ஞாயிறு இரவு

அன்பு மகள் கயலுக்கு,

நேற்று வீடியோவில் நீ இன்சுலின் பேனாவை எடுத்து, சாஸ் பாட்டிலைக் குலுக்குவதுபோல் சளக் சளக்கென்று குலுக்கியதைப் பார்த்ததும் "குலுக்காத ஏட்டி!" என்று கத்திவிட்டேன். உனக்கு முகம் சுண்டிப்போனது. "நர்ஸும் அதைத்தான் சொன்னாங்க, ஏன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்க" என்றாய். அதற்குள் உங்கள் வீட்டு அழைப்பு மணி அடித்தது, பேச்சு அறுந்துபோனது. 31 வருடம் மருந்துக் கவுண்டரில் நின்றிருக்கிறேன். ஏன் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருத்தி என் மகள் என்றால் பதில் சொல்லாமல் எப்படித் தூங்குவது?

முதலில் ஒன்று. இதுவரை குலுக்கியதை நினைத்துப் பயப்படாதே. நாலு தடவை குலுக்கியதால் மருந்து விஷமாகிவிடாது. உன் சர்க்கரை அளவும் சரியாகத்தான் இருக்கிறது, நீயே காட்டினாய். இனிமேல் குலுக்கவேண்டாம், அவ்வளவுதான்.

இதைச் சொல்ல நான் மருந்துக் கடைக்குப் போக மாட்டேன், மக்ரூன் கடைக்குத்தான் போவேன். சின்ன வயதில் எங்கள் தெருமுனையில் ஒரு பேக்கரி இருந்தது. மக்ரூன் போடுகிற அண்ணாச்சி முட்டையை உடைத்து, வெள்ளையை மட்டும் பிரித்து எடுப்பார். சட்டியில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். ஒரு பொட்டு மஞ்சள்கரு விழுந்துவிட்டால், "இது ஆம்லெட்டுக்கு" என்று அந்தச் சட்டியைத் தள்ளி வைத்துவிடுவார். அப்புறம் அடி, அடி, அப்படி ஒரு அடி. வழவழவென்று ஓடிய வெள்ளை, பஞ்சு மாதிரி பொங்கி நிற்கும். சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது. அதற்குப் பிறகுதான் முந்திரித் தூள், அதுவும் கையால் மெதுவாக.

முட்டை வெள்ளையில் பத்தில் ஒரு பங்குதான் புரதம், மற்றதெல்லாம் அநேகமாகத் தண்ணீர். அடுப்பில் வைக்கவில்லை, புளி ஊற்றவில்லை. பிறகு எப்படி அது கெட்டியாகி நிற்கிறது?

புரதம் என்பது நீளமான சங்கிலி. அதில் சில கண்ணிகளுக்குத் தண்ணீர் பிடிக்கும், சிலவற்றுக்கு எண்ணெய் மாதிரி தண்ணீரே ஆகாது. தண்ணீருக்குள் இருக்கும்போது சங்கிலி தன்னைத்தானே மடித்துக்கொண்டு, ஆகாத பகுதிகளை உள்ளே ஒளித்து, பிடித்தவற்றை வெளியே காட்டுகிறது. சேலை மடிப்பு மாதிரிதான், முந்தானை வெளியே, கிழிசல் உள்ளே. இந்த மடிப்பு குலையாமல் இருந்தால்தான் அதனால் தன் வேலையைச் செய்ய முடியும். ஆனால் தண்ணீர் முடிந்து காற்று தொடங்கும் அந்த விளிம்புக்கு வந்துவிட்டால் கதை மாறுகிறது. மேல்பக்கம் தண்ணீர் இல்லை. இத்தனை நேரம் ஒளிந்திருந்த எண்ணெய்க் குணம் காற்றுப் பக்கம் திரும்பிப் படுக்க இடம் கிடைத்துவிடுகிறது. மடிப்பு தளர்கிறது, சில புரதங்களில் முழுக்கவே விரிந்துவிடுகிறது. விரிந்த ஒன்று பக்கத்தில் விரிந்ததைப் பிடித்துக்கொள்ளும். பாலாடை மாதிரி, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆடை படியும். மக்ரூனின் ஒவ்வொரு குமிழையும் உடையாமல் தாங்குவது அந்த ஆடைதான்.

இதை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் வால்டர் ராம்ஸ்டன். ஆக்ஸ்ஃபோர்டில் வேலை பார்த்தபோது, முட்டைப் புரதக் கரைசலைச் சூடாக்காமல், வெறுமனே குலுக்கியே அதிலிருந்து திடமான இழைகளைப் பிரித்துக் காட்டினார். மேற்பரப்பில் தானாகவே சவ்வு கட்டுகிறது என்று 1903இல் எழுதினார். அவர் பின்னாளில் பேராசிரியராக இருந்தது லிவர்பூலில். நீ இருக்கிற மான்செஸ்டரிலிருந்து பக்கம்தானே, போனால் அம்மாவை நினைத்துக்கொள்.

நான் சொல்லவந்தது இதுதான். குலுக்குகிற வேகத்தால் புரதம் அடிபட்டு நொறுங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முக்கியக் காரணம் அது இல்லை. சும்மா வைத்த குப்பியிலும் மேலே ஒரு பரப்பு இருக்கிறது, அதில் ஒரு ஆடை படிந்ததும் விஷயம் அநேகமாக அதோடு நின்றுவிடும். குலுக்கினால் அந்த ஆடை கிழிந்து உள்ளே போகிறது, புதுப் பரப்பு பிறக்கிறது. அங்கே புதிதாகப் புரதம் வந்து விரிகிறது. மறுபடி கிழிகிறது. நுரை என்றால் என்ன, ஆயிரக்கணக்கான புதுப் பரப்புகள்தானே. காற்றுக்கு இடமே விடாமல் நிரம்ப நிரப்பி மூடிய குப்பியை எடுத்து அதே மாதிரி குலுக்கினால், கெட்டுப்போவது வெகுவாகக் குறைகிறது.

இனி உன் மருந்துக்கு வருகிறேன். இன்சுலினும் புரதம்தான். 51 கண்ணிகள், இரண்டு சங்கிலி. ஆறு ஆறாகக் கைகோத்து, நடுவே துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு பத்திரமாக இருக்கும். (அந்த உருவத்தை 1969இல் கண்டுசொன்னது விஞ்ஞானி டோரதி ஹாட்ஜ்கினின் குழு. அதில் நம் நாட்டு எம். விஜயனும் இருந்தார்.) கூட்டத்திலிருந்து பிரிந்து தனியாளாகக் காற்றோரத்துக்கு வரும் இன்சுலின்தான் முதலில் மடிப்பு குலைகிறது. குலைந்தவை ஒன்றோடொன்று ஒட்டி நூல் நூலாகத் திரண்டால், அது பிறகு இன்சுலினாக வேலை செய்யாது.

உன்னுடையது பால் மாதிரி கலங்கலான வகை, என்.பி.ஹெச். மெதுவாக இறங்குவதற்காக, மீனிலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற இன்னொரு புரதத்தோடு சேர்த்துப் படிகமாக்கியிருப்பார்கள். டென்மார்க்கில் ஹாகெடோர்ன் செய்த வேலை. மீன் ஊர்க்காரிக்கு மீன் கலந்த மருந்து! படிகம் அடியில் தங்கும், அதனால் கலக்கத்தான் வேண்டும். கலக்காமல் போட்டால் ஒரு நாள் அளவு குறையும், ஒரு நாள் கூடும். ஆனால் முரட்டுத்தனமாகக் குலுக்கினால் படிகங்கள் கட்டிகட்டியாகும், நுரையும் கட்டும். இங்கே நம் குப்பிகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், உன் பேனாவில் 100. அதாவது ஒரு யூனிட் என்பது ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு. நீ கவனிக்காத ஒரு குமிழே அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நான் மட்டும் யோக்கியமில்லை, கேள். வேலைக்குச் சேர்ந்த புதிது. எல்லாச் சிரப்புக்கும் "நல்லாக் குலுக்கிக் குடிங்க" என்று சொல்லிப் பழகிய வாய். ஒரு பெரியவருக்கு இன்சுலின் குப்பி கொடுக்கும்போதும் அதையே சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் சர்க்கரை ஏறிப்போய் வந்தார். குப்பியை வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடியின் உள்பக்கம் உறைபனி படிந்தது மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது, உள்ளே துகள்கள். "நீங்க சொன்னபடி தினமும் நல்லாக் குலுக்கிட்டுத்தாம்மா போட்டேன்" என்றார். சைக்கிள் பையில் வெயிலோடு அலைந்த குப்பி அது, குலுக்கியது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் என்னை நம்பிக் குலுக்கியிருக்கிறார். அன்றிலிருந்து இன்சுலின் கொடுத்த ஒவ்வொருவருக்கும் என் உள்ளங்கையில் வைத்து உருட்டிக் காட்டித்தான் கொடுத்தேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

அண்ணாச்சி ஒதுக்கிய மஞ்சள்கரு நினைவிருக்கிறதா? அதிலிருக்கும் கொழுப்பு, புரதத்துக்கு முன்னால் ஓடிப்போய்க் காற்றோரத்தில் இடம் பிடித்துவிடும். ஆடை சரியாகக் கட்டாது, மக்ரூன் கெடும். மருந்து செய்கிறவர்கள் அதே வித்தையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் போடும் ஆன்டிபாடி என்ற புரத ஊசிகள் பலவற்றில் பாலிசார்பேட் 80 என்று சோப்பு மாதிரி ஒன்றைத் துளி சேர்ப்பார்கள். அது மேற்பரப்பை ஆக்கிரமித்துக்கொள்ளும், ஆன்டிபாடி மடிப்போடு உள்ளேயே தங்கும். அப்படியிருந்தும் பெட்டியில் "குலுக்காதீர்கள்" என்று அச்சடித்திருக்கும்.

இனி செய்யவேண்டியது. பேனாவைக் கிடையாக உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து தடவை உருட்டு, முறுக்குக்கு மாவு உருட்டுகிற பதத்தில். பிறகு மேலும் கீழுமாகப் பத்து தடவை மெதுவாகச் சாய். பேனாவின் குழாய்க்குள் சின்னக் கண்ணாடி உருண்டை இருந்தால், அது இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்வருவது தெரியும். கலப்பது அதன் வேலை, உன் மணிக்கட்டின் வேலை இல்லை. ஒரே சீரான பால் நிறம் வந்தால் போடு. திப்பி தெரிந்தாலோ, கண்ணாடியில் வெள்ளை ஒட்டினாலோ, யோசிக்காமல் புதிதை எடு. போட்டு முடித்ததும் ஊசியைக் கழற்றிவிடு, மாட்டியபடி வைத்தால் காற்று உள்ளே போகும். மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துப் பழக்கு. உனக்குத் தூக்கம் வருகிற நேரத்தில் அவர் உருட்டட்டும்.

மக்ரூன் அனுப்பச் சொல்லியிருந்தாய். அதில் பாதி சீனி. பிரசவம் முடிந்து டாக்டர் சரி என்று சொல்லட்டும், நானே கொண்டுவருகிறேன். இப்போதைக்கு நெத்திலிக் கருவாடு மட்டும் அரைக்கிலோ கட்டி வைத்திருக்கிறேன். போன வாரம் ஊருக்கு வந்த உன் சித்தி மகன் வியாழக்கிழமை திரும்புகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா