மாமாவுக்கு, நீங்க கேட்ட மடக்குக் கத்தி விஷயமா

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கு, தைலம் தீந்துட்டா சொல்லுங்க, கோடாலி தைலம் சேத்து வாங்கியாறேன். இங்க சிங்கப்பூர்ல தினமும் மழை, ஆனாலும் யார்டுல வேலை ஓடிக்கிட்டேதான் இருக்கு, டார்மிட்டரிக்கு வந்து சேர ராத்திரி ஆயிடுது.

நம்ம பண்ணைக் காடைய அறுத்து சுத்தம் பண்ண, வேட்டைக்காரங்க பறவைக்கு வச்சிருக்கிற மாதிரி மடக்குக் கத்தி, வெலையும் கட்டுப்படியா இருக்கணும்னு கேட்டீங்கள்ல, அத எங்க யார்டுல இருக்கிற நியூசிலாந்து இன்ஜினியர்கிட்ட விசாரிச்சேன். அவங்க ஊர்ல மே மாசம் மொத சனிக்கிழமை வாத்து வேட்டை ஆரம்பிக்குமாம், லைசென்ஸ் எடுத்துட்டு குடும்பத்தோட போவாங்களாம். அவரு சொன்ன மொத விஷயம், பெரிய கத்தி வாங்காதன்னு. பறவைக்கு மூணு இஞ்ச் பிளேடு தாராளம், மெலிசா, முனை கூர்மையா இருந்தா போதும். பக் 110ன்னு ஒரு அமெரிக்கக் கத்தி ரொம்ப பேர் போனது, ஆனா அது மான் உரிக்கிறவங்களுக்குத்தான் சரி, 200 கிராம் கிட்ட கனம், காடைய வச்சுக்கிட்டு அத எப்படிப் புடிக்கிறது?

சில பறவைக் கத்தியில பிளேடோட சின்னதா ஒரு கொக்கியும் இருக்கும், பின்பக்க ஓட்டை வழியா விட்டு குடல இழுக்கிறதுக்கு. நமக்கு அது தேவையில்ல மாமா, நீங்க வெரல்லயே சுத்தமா எடுத்துருவீங்க. முனையில மட்டும் கவனமா இருக்கணும், கத்தியோட வெட்டுற வாய்ப்பக்கம் மேல பாத்த மாதிரி புடிச்சு தோல மட்டும் லேசா கீறணும், உள்ள எறங்குச்சுன்னா குடல் கிழிஞ்சு, பித்தப்பையும் ஒடஞ்சு கறி பூரா கசந்துரும். கால வெட்டும்போது எலும்புல போடாம மூட்டுல முனைய வச்சு ஒரு திருப்பு திருப்புனா தானா கழண்டுக்கும், எலும்புல போட்டா மெலிசு பிளேடு பல்லு போயிரும்.

நான் பாத்து வச்சிருக்கிறது ஓப்பினெல் நம்பர் 8, ஓப்பினெல் கத்திய 1890லேருந்து பிரான்ஸ்ல செய்யுறாங்க. பிளேடு எட்டரை சென்டிமீட்டர், மொத்த கனமே 50 கிராமுக்குள்ளதான், இங்க முப்பது வெள்ளிக்கு முன்னபின்ன கெடைக்குது. பிடிக்கு மேல ஒரு வளையம் இருக்கு, அத திருப்பி விட்டா பூட்டிக்கும், கை வழுக்குனாலும் பிளேடு மடங்கி வெரல்ல விழாது, ரத்தக் கையோட வேலை பாக்குறவங்களுக்கு இதுதான் முக்கியம். பிளேடுல கார்பன் எஃகு, இனாக்ஸ்ங்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு ரெண்டு வகை இருக்கு, கார்பன் சாணை புடிக்க சுலபம், ஆனா ஈரம் பட்டா துரு புடிச்சிரும், அதனால இனாக்ஸ்தான் எடுக்கப் போறேன். பிடி மரம், தண்ணியில ஊறப் போட்டா உப்பிக்கிட்டு பிளேடு தொறக்க வராது, கழுவுன ஒடனே தொடச்சு தொறந்தபடியே காய வைங்க, மூட்டுல ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க.

மச்சான் கௌதாரிக்கு கண்ணி வைக்கப் போறான்னு சொன்னீங்க, அது மட்டும் வேணாம் மாமா. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல அது குத்தம், ஃபாரஸ்ட்காரங்க புடிச்சா ஜெயில்தான், அப்பறம் பாஸ்போர்ட்டு வெளிநாடுன்னு அவன் நெனச்சதெல்லாம் போயிரும். கொள்ளுக்குடிப்பட்டியில பறவைங்க பயப்படக்கூடாதுன்னு தீபாவளிக்கு வெடி போடாம இருக்கிற ஊர்க்காரங்களுக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு நாம இத செய்யலாமா? இங்க பாசிர் ரிஸ் பக்கம் காட்டுக்கோழி வாக்கிங் போறவங்களோட சேந்து நடக்குது, ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்க. நம்ம பண்ணைக் காடைக்கே கத்திக்கு வேலை நெறைய இருக்கு, அவனையும் அதுல சேத்துக்கங்க.

இங்க காரணமில்லாம கத்திய வெளிய எடுத்துட்டுப் போனா போலீஸ் கேஸ் ஆயிரும், அதனால ஊருக்குக் கெளம்புற வாரத்துல வாங்கி பெட்டி பிரிக்காம வச்சுக்குறேன். ஏர்போர்ட்ல கைப்பையில விட மாட்டாங்க, செக்கின் பெட்டிக்குள்ள துணியில சுத்தி வச்சு கொண்டு வரேன். சாணைக் கல்லு பொடிசு உங்ககிட்ட இருக்கா, இல்லன்னா அதையும் வாங்கணும், ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க, அன்னைக்குத்தான் தேக்கா கடைங்க பக்கம் போவேன்.

அன்புடன்,
உங்க மருமகன்