கண்மாய்க் கொக்குகளையும் கொசுக்களையும் சேர்த்துக் கவனியுங்கள்: மதுரை மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், பொது சுகாதாரம், கால்நடை பராமரிப்பு, வனம், வேளாண்மை ஆகிய துறைகளின் அலுவலர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாசி மாதத்தில் ஒரு மாலை, எங்கள் ஊர்க் கண்மாயின் மடைக்கருகே ஒரு மடையான் இறந்து கிடந்தது. கண்மாய் வற்றி, மடைப்பள்ளத்தில் மட்டும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பறவையின் உடலில் காயம் எதுவும் இல்லை. இறகு குலையாமல், கழுத்து மட்டும் ஒரு பக்கமாக மடங்கியிருந்தது. ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். "ஒரு கொக்குக்காகவெல்லாம் வர முடியாதுங்க, குழி தோண்டிப் புதைச்சிடுங்க" என்றார்கள். புதைத்துவிட்டேன். வெயிலால் இறந்ததா, வயலில் தெளித்த மருந்தாலா, நோயாலா என்று கண்டறியும் வாய்ப்பும் அந்தக் குழியோடு போயிற்று.

மடையான், உண்ணிக்கொக்கு, வக்கா போன்ற கொக்கினப் பறவைகள் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸை இயற்கையில் தாங்கி வாழ்பவை. வயல் நீரிலும் தேங்கிய நீரிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு அவற்றைக் கடித்து, வைரஸைப் பிற பறவைகளுக்கும் பன்றிகளுக்கும் கொண்டு செல்கிறது. பன்றியின் உடலில் அது பன்மடங்கு பெருகுகிறது. மனிதரிடமிருந்து மறுபடி கொசுவுக்குத் தொற்றுமளவுக்கு வைரஸ் நம் இரத்தத்தில் பெருகுவதில்லை. ஆகவே ஒரு குழந்தை மூளைக்காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வரும்போது, அந்தச் சுழற்சி கண்மாய்ப் பக்கத்தில் பல வாரங்களாக நடந்து முடிந்திருக்கும். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் அறியப்பட்டது 1955இல், நம் வேலூரில்தான். உகாண்டாவில் 1937இல் கண்டறியப்பட்ட வெஸ்ட் நைல் வைரஸும் இதே பறவை–கொசு வழியில் பரவுவதே. 2019இல் மலப்புரத்தில் ஒரு சிறுவனின் உயிரை அது பறித்தது. தொற்றியவர்களில் ஐந்தில் நால்வருக்கு அறிகுறியே தோன்றாததால், அது சத்தமில்லாமல் ஓர் ஊரைக் கடந்துவிடக்கூடும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. வெஸ்ட் நைலுக்கு மனிதருக்கான தடுப்பூசி இன்னும் வரவில்லை.

வறண்ட பூமியில் கொசு நோய்க்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. தண்ணீர் பரவலாக இருக்கும்போது பறவைகளும் பரவி மேய்கின்றன. பங்குனி, சித்திரையில் கண்மாய்கள் ஒவ்வொன்றாக வற்றும்போது எஞ்சிய பள்ளத்தில்தான் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் நெருக்கியடித்து இறங்குகின்றன. ஆகாயத்தாமரை மண்டி, கழிவுநீரும் கலந்த அதே பள்ளத்தில்தான் கொசுவும் பெருகுகிறது. வைரஸ் சுழல்வதற்கு இதைவிட நெருக்கமான களம் கிடைக்காது. மாலை மங்கியபின் அந்தக் கரையில் நின்று பார்த்தால் காதருகே ரீங்காரம் ஓயாது. பகலில் கடிக்கும் டெங்குக் கொசுவைத் தேடி வீட்டுத் தொட்டிகளையும் உரல்களையும் பழைய டயர்களையும் பார்ப்பது அவசியமானதே. ஆனால் இரவில் கடிக்கும் இந்தக் கொசு அங்கே அகப்படாது.

பறவைகள் கூட்டமாகச் சாகவில்லையே என்று ஆறுதல் கொள்வதும் பிழை. 1999இல் நியூயார்க்கில் வெஸ்ட் நைல் நுழைந்தபோது காகங்கள் செத்து விழுந்து எச்சரித்தன, ஏனெனில் அவற்றுக்கு அது புதிய வைரஸ். நம் கொக்குகளோ மூளைக்காய்ச்சல் வைரஸ் தொற்றினாலும் பெரும்பாலும் நோயின்றி நடமாடுகின்றன. இறந்த பறவையைச் சோதிப்பது தேவை, அது மட்டும் போதாது. கொசுக்களைப் பிடித்து வைரஸ் உண்டா என்று பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் நெடுங்காலமாகச் செய்வதுபோல, கரையோரம் கோழிகளை வைத்து, கொசு வழியே வைரஸ் அவற்றுக்குத் தொற்றியதா என்று அவ்வப்போது இரத்தத்தைச் சோதிப்பதும் ஒரு வழி. இதற்கான அறிவுக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985இல் பூச்சியியல் ஆய்வு மையத்தை மதுரையிலேயே தொடங்கியது. மூளைக்காய்ச்சல் கொசுக்களைப் பற்றிய ஆழ்ந்த ஆய்வுகள் அங்கே நடந்திருக்கின்றன. சாமநத்தம், வண்டியூர் போன்ற கண்மாய்களிலாவது நான்கு துறைகளும் அந்த அனுபவத்தைக் கொண்டு கூட்டாகக் கண்காணிப்பைத் தொடங்க வேண்டுகிறேன். நெல் வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறையில் நீர் கட்டினால் கொசுப்புழு வயலில் வளர்வது குறையும், தண்ணீரும் மிச்சமாகும். வேளாண் அலுவலர்கள் இதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒன்றை மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். இதைக் கேள்விப்பட்டு யாரும் கூட்டைக் கலைக்கவோ, கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களை வெட்டவோ கூடாது. விரட்டப்பட்ட பறவை வேறு கண்மாய்க்குப் போகும், வைரஸும் அதனோடு போகும். பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் நமக்குப் பக்கத்து மாவட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

வரும் ஐப்பசி மழைக்குள், இறந்த பறவையைக் கண்டால் யாரிடம் சொல்வது, கையுறையின்றித் தொடாமல் அதை எப்படி ஒப்படைப்பது என்பதை ஒரு தொலைபேசி எண்ணோடு ஒவ்வோர் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதிவைக்க ஆவன செய்யுங்கள். அடுத்த மடையானை நான் புதைக்க மாட்டேன்.

இங்ஙனம்,
மதுரை கிழக்கு வட்டத்துப் பறவை ஆர்வலர் ஒருவர்