பிள்ளைகளின் முதுகை விட்டு எழும்புங்கள், மாஸ்டர்

கொழும்பில் கராத்தே பழக்கும் மாஸ்டர்மாருக்கு,

வணக்கம். கராத்தே வகுப்பில் வணக்கத்துக்கும் 'ஓம்' என்பதற்கும் சொல்கிற 'ஓஸ்' என்று தொடங்கினாலும் தப்பில்லை. 14 வயதிலிருந்து 20 வரைக்கும் நானும் அந்த வெள்ளை உடுப்புப் போட்டவன்தான். இப்போது என் மகள் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் பழகுகிறாள். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி வகுப்பு. வாசல் படியில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாமாரில் நானும் ஒருவன்.

போன கிழமை மழை. காலி வீதி முழுக்க நெரிசல், பாதிப் பிள்ளைகள் வந்துசேரவில்லை. அவர்கள் வரும்வரைக்கும் மிச்சப் பேரைத் தரையில் இருத்திக் காலை அகட்டச் சொன்னார்கள். மூன்று மணி நேரம் ரியூஷன் கதிரையில் இருந்துவிட்டு நேரே வந்த பிள்ளைகள். ஒரு சின்னவனின் முதுகில் சீனியர் பெடியன் ஒருவன் இரண்டு கையையும் ஊன்றி அமத்தினான். "நோகுதா?" என்று கேட்டான். "ஓஸ்!" என்று சத்தமாகப் பதில் வந்தது. கண் கலங்கியிருந்தது. இந்தச் சொல்லில் ஒரு சிக்கல், இதை வைத்து 'ஓம்' என்று சொல்லலாம், 'போதும்' என்று சொல்ல முடியாது.

எனக்கு அந்த அமத்தல் தெரியும். 16 வயதில், கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில், இரண்டு பேர் என் கால்களை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். வலது பின்தொடையின் மேல்முனையில் 'டொக்' என்றது. பக்கத்தில் இருந்தவனுக்கும் கேட்டதாம். சித்தாலேப என்ற நோவுக் களிம்பைப் பூசி, அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். ஒரு வருடத்துக்கு மேல் பஸ் படி ஏற இடது காலைத்தான் முதலில் வைத்தேன்.

அது ஏன் என்று விளங்கியது எவ்வளவோ காலம் கழித்து. பின்தொடைத் தசை போய் ஒட்டுகிற இருக்கை எலும்பின் முனையில் ஒரு வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு வளர்கிற குருத்து இடம், இருக்கிறது. அது முழுதாக ஒட்டுவதற்கு 20 வயது அளவில் ஆகிவிடும். அதுவரைக்கும் அந்த இடம்தான் பலவீனம். திடீரென்று இழுத்தால் தசை கிழியாமல் எலும்புத் துண்டோடு பிய்ந்து வரலாம். பெண் பிள்ளைகள் 11, 12 வயதிலும், ஆண் பிள்ளைகள் இரண்டு வருடம் பிந்தியும் மளமளவென்று வளரும்போது எலும்பு முன்னுக்கு ஓடும், தசை பின்னால் வரும். போன வருடம் ஸ்பிளிட் (காலை முழுதாக விரித்துத் தரையில் இருப்பது) போன பிள்ளை இந்த வருடம் போகவில்லை என்றால் அது பஞ்சியில் இல்லை.

ஸ்ட்ரெட்சிங் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கராத்தே போட்டியில் தலைக்குப் போகும் உதைக்கு 3 புள்ளி, உடம்புக்கு 2, குத்துக்கு 1. டேக்வாண்டோவிலும் சுழன்று தலைக்கு உதைத்தால் கூடப் புள்ளி. கால் உயரத்தான் வேண்டும். அப்படிப்பட்ட பாடத்தைப் பிந்தி வருகிறவர்களைப் பார்த்திருக்கும் நேரத்தில் போட்டு ஒப்பேற்றுகிறீர்களே என்பதுதான் என் குறை.

முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் ஓடட்டும், முழங்காலைத் தூக்கட்டும், காலை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டட்டும். கொழும்புப் புழுக்கத்தில் படி ஏறினாலே வியர்க்கும். அதை வைத்துத் தசை சூடாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஒரே நிலையில் இழுத்துப் பிடித்துவிட்டு உடனே உதைத்தால் உதையின் வேகம் குறையும். துள்ளித் துள்ளிக் குனிவது இன்னும் மோசம், திடீர் இழுவைக்குத் தசை தானாகவே எதிர்த்துச் சுருங்கும். அரை நிமிடம் அசையாமல் பிடிக்கிற வேலை வகுப்பு முடிவுக்கு உரியது. அப்போதுகூட, தசையைச் சில விநாடி இறுக்கித் தளர்த்திவிட்டு நீட்டினால் ஒருவரும் ஏறி அமத்தாமலே கால் கொஞ்சம் கூடப் போகும்.

இன்னொரு விஷயம். என் மகளின் மவாஷி கெரி, அதாவது பக்கவாட்டில் சுழற்றி உதைக்கும் உதை, இடுப்புக்கு மேல் போகாது. "கால் இறுக்கம், இன்னும் இழுக்க வேண்டும்" என்றார்கள். வீட்டில் குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உதைக்கச் சொன்னேன். ஊன்றிய காலின் விரல்கள் முன்னுக்கே பார்த்துக்கொண்டிருந்தன. குதிக்கால் எதிராளியைப் பார்க்கும் அளவுக்குப் பாதத்தைத் திருப்பச் சொன்னேன். உதை அங்கேயே ஒரு சாண் மேலே போனது. ஒரு ஸ்ட்ரெட்சிங்கும் செய்யவில்லை. அதுவரைக்கும் தொடை எலும்பு இடுப்பெலும்பின் விளிம்பில் முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இடுப்பு திரும்பியதும் வழி கிடைத்தது. பாதம் திரும்பாவிட்டால் அந்த முறுக்கெல்லாம் முழங்காலில்தான் போய் விழும்.

எலும்பில் எலும்பு முட்டினால் ஆனையை ஏற்றி அமத்தினாலும் நீளாது. தொடை எலும்பு பொருந்தியிருக்கும் இடுப்புக் கிண்ணத்தின் ஆழமும் ஆளுக்கு ஆள் வேறு, சிலருக்குப் பக்கவாட்டு ஸ்பிளிட் எந்தக் காலத்திலும் தரையைத் தொடாது. (தொடாவிட்டால்தான் என்ன? ஒகினாவாவின் பழைய கராத்தேயில் உதைகள் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேதான்.) அப்புறம், கையால் தூக்கினால் காதுவரை வருகிற கால், கையை விட்டதும் தொப்பென்று விழுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். விழுந்தால் அந்தப் பிள்ளைக்கு வேண்டியது காலைத் தூக்கி வைத்திருக்கிற பலம். இன்னும் இழுத்து அது வராது.

நான் கேட்பது இவ்வளவுதான். கடைசி 15 நிமிடத்தை ஸ்ட்ரெட்சிங்குக்கு என்று ஒதுக்குங்கள். பிள்ளை பிள்ளைமேல் ஏறுவதை நிறுத்துங்கள். பெல்ட் மாற்றும் கிரேடிங் பரீட்சையில் ஸ்பிளிட்டுக்குப் புள்ளி போடாதீர்கள். 'நோகுது' என்று சொல்வதற்கு ஒரு சொல்லைப் பழக்குங்கள், தட்டினால் விடுகிற வழக்கம் ஜூடோவில் இருக்கிறதே.

சரி, எங்கள் பக்கமும் பிழை இருக்கிறது. நாலு மணி வகுப்புக்கு நாலு இருபதுக்குக் கொண்டுவந்து விடுகிறோம். ஆறு மணிக்கு மற்ற ரியூஷன் என்று ஐந்து இருபதுக்கே வாசலில் நின்று கை காட்டுகிறோம். நான் கேட்கிற அந்தக் கடைசி 15 நிமிடத்தைக் களவெடுப்பது நாங்கள்தான். வருகிற சனிக்கிழமை ஐந்தரை தாண்டியும் பிள்ளைகள் தரையில் இருந்தால், நான் ஹோர்ன் அடிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
வாசல் படியில் இருக்கும் ஓர் அப்பா
வெள்ளவத்தை