கையில் பிரேக்

ஆக்ஸ்போர்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். "ஆஸ்பத்திரியில் உனக்கு டிரைவிங் ஸ்கூலா?" என்று போனில் கேட்டுச் சிரித்தீர்கள். பதில் சொல்வதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

முதுகுத் தண்டுவடம் அடிபட்டு, கால் செயலிழந்தவர்கள் திரும்பக் கார் ஓட்டப் பழகும் அறை அது. சீட், ஸ்டியரிங், கண்ணில் மாட்டுகிற, நிஜம்போலப் படம் காட்டும் வி.ஆர். ஹெட்செட். மாட்டியதும் சுற்றிலும் ரோடுதான். கிளட்ச் கிடையாது. ஒரு கையில் நெம்புகோல்: முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் ஆக்ஸிலேட்டர். இன்னொரு கை, ஸ்டியரிங்கில் பொருத்திய குமிழைப் பிடித்துத் திருப்பும். சிக்கலே இங்குதான். குறுக்கே யாராவது வந்தால், மாட்டின் கயிற்றை இழுப்பதுபோல் கை தானாகத் தன் பக்கம் இழுக்கிறது. வண்டி பாய்கிறது! நல்லவேளை, குறுக்கே வந்தது படம். கை பழகும்வரை திரும்பத் திரும்ப ஓட்டலாம். விபத்தில் அடிபட்டு, கார் என்றாலே நடுங்குபவர்களுக்கும் இது நல்ல தொடக்கம்.

ஆனால் இதை மட்டும் நம்பி யாரையும் ரோட்டுக்கு அனுப்ப முடியாது. கண்ணுக்கு வண்டி ஓடுகிறது, உடம்போ அசையவில்லை, சிலருக்குக் குமட்டுகிறது. உடனே ஹெட்செட்டைக் கழற்றிவிடுவோம். கொல்லிமலையின் 70 வளைவுகளில் உங்கள் உடம்பு சாயும், நீங்கள் நிமிர்த்திக்கொள்வீர்கள். நெஞ்சுக்குக் கீழே பலமில்லாதவர் அப்படியே சரிந்துவிடுவார். மார்புப் பட்டை வேண்டும். அந்தச் சாய்வை எங்கள் சீட் காட்டாது. வண்டியின் கோளாறு சீட்டிலேயே தெரியும் என்பீர்களே, இவர்களுக்கு அந்த இடத்தில் உணர்வே இல்லை. காதும் கையும்தான் சொல்ல வேண்டும். கடைசியில் நிஜக் காரில், பக்கத்தில் பரிசோதகர் உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு.

இங்கே யாரும் ஹாரன் அடிப்பதில்லை. உங்களுக்குக் கை அரிக்கும்.

தென்னையிலிருந்து விழுந்த நம் பக்கத்து வீட்டு அண்ணனை வேலூருக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் இருந்தே ஆபரேஷன் செய்த டாக்டர் மேரி வர்கீஸ் உருவாக்கிய மறுவாழ்வு மையம் அங்கே 1966-லிருந்து இருக்கிறது. சைடு வீல் ஸ்கூட்டரைப் பற்றியும் அங்கேயே கேட்கலாம். அதற்கு முன், முதுகிலும் புட்டத்திலும் தோல் சிவந்திருக்கிறதா என்று அண்ணியைத் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு வலி தெரியாது, புண் ஆழமாகிவிடும். வண்டியெல்லாம் அப்புறம்.

அன்பு மகள்