படத்தைப் பார்த்தீர்கள், கரைக்கும் ஒருமுறை வாருங்கள்

பெங்களூருவில் எங்கள் பகுதி ஏரியின் பராமரிப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு வணக்கம்.

ஏரிக்கரையில் கட்டட இடிபாடுகள் கொட்டப்படுவது குறித்தும், உபரிநீர் இறங்கும் ராஜகால்வாய் குறுகிக்கொண்டே வருவது குறித்தும் எங்கள் தெருவினர் கொடுத்த மூன்று மனுக்களும் தங்கள் கோப்பில் இருக்கும் என்பதால் பழைய கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டதில் ஏரியின் எல்லையில் மாற்றம் ஏதும் இல்லை என்றும், பசுமைப் பரப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது என்றும் சென்ற மாதம் தாங்கள் அனுப்பிய பதிலே இம்மடலுக்குக் காரணம்.

பசுமை கூடியிருப்பது உண்மைதான். அது ஆகாயத்தாமரை. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். அந்த வேறுபாட்டைக் கொண்டுதான், படத்தில் பசுமையை அளக்கும் தாவரக் குறியீட்டெண்ணைக் கணக்கிடுகிறார்கள். கழிவுநீரில் கொழுத்து நீர்ப்பரப்பை மூடிக் கிடக்கும் களையும் அந்தக் கணக்கில் பசுமையே. கரையில் ஐந்து நிமிடம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

எல்லைக் கணக்கும் அப்படித்தான். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். லேண்ட்சாட் படத்தில் 30 மீட்டர். கால்வாய் ஓரத்தில் மூன்று மீட்டருக்கு மண்ணைத் தள்ளி மேடாக்கினால் அது ஒரு புள்ளிக்குள்ளேயே அடங்கிவிடும். கால் மீட்டர் நுணுக்கத்தில் படமெடுக்கும் கார்ட்டோசாட்-3 செயற்கைக்கோள் 2019 முதல் சுற்றிவருகிறது. அதை அனுப்பிய இஸ்ரோவின் தலைமையகமும் இதே ஊரில்தான் இருக்கிறது. ஆயினும் நாங்கள் கேட்பது அதைக்கூட அல்ல. அளவுநாடாவுடன் ஓர் ஆளைக் கரைக்கு அனுப்புங்கள் என்பதுதான்.

அந்த மூன்று மீட்டரின் விலையையும் சொல்லிவிடுகிறேன். என் தாயாருக்கு எண்பது வயது. சென்ற ஆண்டு மழையில் நள்ளிரவில் கால்வாய் நீர் வீட்டுக்குள் வந்தபின், அவருடைய கட்டிலின் நான்கு கால்களுக்கும் கீழே இரண்டிரண்டு சிமெண்ட் கற்களை வைத்து உயர்த்தினோம். கற்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. அந்த உயரத்திலிருந்து அவரால் தனியாக இறங்க முடியாது. இரவில் கழிப்பறைக்குப் போக என்னை எழுப்ப வேண்டும். மகனின் தூக்கம் கெடுமே என்று மாலை ஐந்து மணிக்குமேல் அவர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். இது எனக்குத் தெரியவரவே பல நாள் ஆயிற்று.

தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையம் ஆனது. சம்பங்கி ஏரியின் இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. அந்த ஏரிகளை இழந்தவர்களுக்கு வானிலிருந்து படமெடுத்துக் காட்ட யாரும் இல்லை. நாம் கொடுத்து வைத்தவர்கள். ஐந்து நாளைக்கு ஒரு படம் வீதம் பார்த்துக்கொண்டே இழக்கிறோம். அதிலும் மழைக்காலத்துப் படங்களில் பெரும்பாலும் மேகம்தான் தெரியும். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருவதோ அதே மேகத்திலிருந்துதான்.

சொற்கள் சற்றுக் கடுமையாகிவிட்டிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். செயற்கைக்கோளை நான் குறை சொல்லவில்லை. ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் எடுத்த படங்களை, எடுத்த தேதியுடன் ஒப்பிட்டால் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பதை அது நன்றாகவே காட்டும். சந்தேகத்தைத் தீர்க்க மட்டும் யாராவது நேரில் வந்து அளக்க வேண்டும். அடுத்த பதிலில் கையொப்பமிடும் முன் அந்த ஒருவரைத் தயவுசெய்து அனுப்பிவையுங்கள். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை நான் கரையில்தான் நடந்துகொண்டிருப்பேன். கால்வாயின் பழைய எல்லைக்கல் எந்த மேட்டுக்குள் புதைந்திருக்கிறது என்று காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெருவாசி ஒருவர்