மகள், லப்டொப்பை போமட் பண்ண விட்டிடாத

அன்பு மகளுக்கு,

லப்டொப் ஓன் ஆகுதில்லை எண்டு நேத்து ராத்திரி நீ போன்ல அழுததோட கொம்மாவும் நானும் நித்திரை கொள்ளேல்லை, வயலுக்குப் போக முதல் இதை எழுதிறன் ஆறுதலா வாசி. கடைக்காரர் போமட் பண்ணி விண்டோஸ் அடிப்பம் எண்டு கேட்டதுக்கு ஓம் எண்டிடாத பிள்ளை, போமட் பண்ணினா உள்ளுக்க இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும். பம்ப் ஸ்டார்ட் ஆகேல்லை எண்டா கிணத்துத் தண்ணி வத்திப்போச்சுதே? அப்பிடித்தான் இதுவும், உள்ளுக்க உன்ர சாமானெல்லாம் அப்பிடியே கிடக்கும்.

முதல்ல சார்ஜரை வேற பிளக்ல குத்திப் பார். பிறகு சார்ஜர், மவுஸ், பென்டிரைவ் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு பவர் பட்டனை ஒரு 30 செக்கன் விடாம அமத்திப் பிடி, உள்ளுக்க தேங்கி நிக்கிற கரண்ட் இறங்கீடும், பிறகு சார்ஜரை மட்டும் குடுத்து ஓன் பண்ணு, கனக்க லப்டொப் இதோடயே எழும்பும். காத்தாடி சுத்துது ஆனா திரை கறுப்பெண்டா கெப்ஸ் லொக்கை அமத்து, லைட் எரிஞ்சு நூந்தா அனேகமா பழுது திரையில தான், ஹொஸ்டல் டிவியில எச்டிஎம்ஐ வயர் குடுத்துப் பார். போன மாரிக்கு எங்கட கமக்கார அமைப்பு லப்டொப்பும் இப்பிடித்தான் செத்தமாதிரிக் கிடந்தது, பற்றறி வயரைக் கழட்டிப்போட்டு ரம் (RAM) எண்ட மெமரித் துண்டை எடுத்து அந்த மஞ்சள் பல்லுகளை அழிறப்பரால மெல்லமாத் தேச்சு திருப்பிப் போட்டன், எழும்பீட்டுது.

ஒண்டும் சரிவரேல்லை எண்டா உன்ர ஃபைலெல்லாம் கிடக்கிற டிஸ்கைக் கழட்டி, யூஎஸ்பி வயர் உள்ள கேசிங் எண்ட பெட்டிக்க போட்டு சிநேகிதப் பிள்ளையின்ர லப்டொப்ல குத்து. பிட்லொக்கர் எண்டு டிஸ்கின்ர பூட்டைத் திறக்க 48 இலக்கம் கேட்டா பயப்பிடாத, அனேகமா உன்ர மைக்ரோசொப்ட் எக்கவுண்டில கிடக்கும். கம்பஸ் புரொஜெக்டை எடு, அதோட அப்பாச்சின்ர படத்தையும் எடு மகள். 2009 சித்திரையில கடைசிச் சண்டை நேரம் புதுமாத்தளன்ல இருந்து உன்னைத் தோளில வச்சுக்கொண்டு ஏரித்தண்ணிக்கால நடந்து வரேக்க அல்பம் ஒண்டும் கொண்டுவர ஏலேல்லை, மிஞ்சினது அவவின்ர ஐடென்டிகாட் படம் மட்டும் தான், அதுவும் 2018 மார்கழி வெள்ளத்தில ஊறிப்போச்சு. நீ அதுக்கு முதல் ஸ்கான் பண்ணி வச்சதால தான் அவவின்ர முகம் எங்களிட்ட இருக்கு.

காசை யோசிக்காத, நெல்லு வித்தது கிடக்கு. கழட்டப் பயமெண்டா ஒண்டும் செய்யாம மூடி வை, வெள்ளி ராத்திரி பஸ்ஸில நான் வாறன், சின்ன ஸ்டார் ஸ்க்ரூட்ரைவர் என்னட்ட இருக்கு. கொம்மா பருத்தித்துறை வடையும் சுட்டுத் தாறாவாம்.

அப்பா
பரந்தன்